மொட்டைக் கடிதமும் சட்டமும்

சின்னமனூர் என்னும் பெயரை வரலாற்று நூல்களில் தேடுவோர் முதலில் காண்பது அதன் செப்பேடுகளையே. பாண்டியன் இராசசிம்மன் காலத்துச் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டிய முன்னோரின் அருஞ்செயல்களாகப் போற்றுகிறது. சங்கம் இருந்ததா என்று ஆராய்ந்த அறிஞர் பலரும் ஒருமுறையேனும் நம் ஊர்ப் பெயரை எழுதியுள்ளனர். அத்தகைய ஊரில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து நின்று மலர் வெளியிடுகிறது. இம்மலருக்கு எழுத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று எழுத வேண்டுமென எண்ணியபோது, எழுத்தின் பெருமையை விட எழுத்தின் பொறுப்பே மனத்தில் முன்வந்து நின்றது.

செப்பேடுகளில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. அவை பெயரில்லா எழுத்துகள் அல்ல. கொடுத்தவன் யார், பெற்றவன் யார், ஆணத்தியாக நின்று நிறைவேற்றியவன் யார் என்பதைச் செப்பேடு சொல்லும். பாடியவன், வெட்டியவன் பெயர்களும் பல செப்பேடுகளில் உண்டு. எழுதப்பட்ட சொல்லுக்கு விடை சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அதில் அடங்கியுள்ளது.

இதற்கு நேர் எதிரான எழுத்து ஒன்றும் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. அதனை மக்கள் மொட்டைக் கடிதம் என்பர். கையொப்பம் இராது; ஊர் இராது; சொல்ல வந்தது மட்டும் இருக்கும். அதில் புகார் இருக்கலாம், பழி இருக்கலாம். "உன்னை உயிரோடு விட மாட்டேன்" என்ற வரியும் இருக்கலாம். அஞ்சலட்டையில் வந்த அவ்வரி இன்று கைப்பேசித் திரையில் வருகிறது. அன்று ஒரு வீட்டுக்கு வந்தது, இன்று ஊரறிய வருகிறது. இத்தகைய மிரட்டலை விடுப்பவரைச் சட்டம் எவ்வாறு பொறுப்பேற்க வைத்தது, எங்கெங்கே தவறியது என்னும் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது வழக்கறிஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மிரட்டப்படுவோருள் கவிஞரும் உண்டு; மிரட்டியதாகக் குற்றஞ்சாட்டப்படுவோருள்ளும் கவிஞர் உண்டு.

அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இவற்றுள் விலங்கும் இறையும் கண்முன் நிற்பவை. காட்டு யானையை எதிர்ப்பட்டவன் தான் எதற்கு அஞ்சுகிறான் என்பதை அறிவான். சினந்த அரசன் முன் நிற்பவனும் அறிவான். அணங்கும் கள்வரும் அப்படியல்ல. அணங்கு காணப்படாதது, கள்வன் காணப்பட விரும்பாதவன். மொட்டைக் கடிதம் தரும் அச்சம் இவ்விரண்டும் கலந்தது. அனுப்பியவன் எதிர்வீட்டில் இருக்கிறானா, எட்டாத நாட்டில் இருக்கிறானா என்பது தெரியாது. ஆதலின் பெற்றவர் எதிர்ப்படும் முகம் ஒவ்வொன்றையும் ஐயுறத் தொடங்குகிறார். மிரட்டல் நிறைவேறாமல் போனாலும் இத்தீங்கு நிகழ்ந்துவிடுகிறது.

வள்ளுவர் வெருவந்தசெய்யாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். குடிகள் அஞ்சும்படி நடவாமை அரசனுக்குரிய கடமை என்பது அதன் பொருள். குடிமகனைக் குடிமகனே வெருவச் செய்யுங்கால் அதனைத் தடுப்பதும் அரசின் கடமை என்பது அக்கடமையின் மறுபாதி. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறுவது அரிது. மிரட்டுவோரை அடக்க எழும் சட்டம் பேசுவோரையெல்லாம் அடக்கிவிடுவதுண்டு; பேச்சுக்கு அஞ்சி ஒதுங்கும் அரசு மிரட்டுவோரை விட்டுவிடுவதுமுண்டு. இவ்வரலாறு முழுதும் இவ்விரு தவறுகளுக்கு இடையே ஆடும் ஊசலே ஆகும்.

ஆங்கில நாட்டுத் தூக்குமேடை

நம் சட்டம் ஆங்கிலேயர் வழி வந்ததாதலின் சற்று அவர்கள் நாட்டுக்குச் செல்ல வேண்டும். 1723-இல் அங்கே 'கறுப்புச் சட்டம்' என வழங்கப்பட்ட சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. முகத்தில் கரி பூசிக்கொண்டு காடுகளில் மான் வேட்டையாடியோரை அடக்க எழுந்த அச்சட்டம், பெயரின்றியோ பொய்ப்பெயரிலோ கடிதம் அனுப்பிப் பொருள் கேட்டு மிரட்டுவோர்க்கும் மரண தண்டனை விதித்தது. நூறாண்டு கழித்து 1823-இல் அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டது.

1830-இல் தென் இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர், கதிரடிக்கும் பொறிகள் தம் கூலியைப் பறிப்பது கண்டு கிளர்ந்தெழுந்தனர். பொறியை அகற்றாவிட்டால் வைக்கோற்போர் எரியும் என்று 'கேப்டன் ஸ்விங்' என்னும் கற்பனைப் பெயரில் பண்ணையார்களுக்குக் கடிதங்கள் சென்றன. அவற்றை எழுதியோருள் பசித்தவர் பலர். வெளிப்படையாகப் பேசினால் வேலையும் போய்ச் சிறையும் வாய்க்கும் நிலையில் இருந்தவர். ஆதலின் பெயரின்மை எப்போதும் கோழைத்தனம் என்று நாம் முடிவு செய்துவிடலாகாது. வலியவனுக்கு எதிராக எளியவன் பெயரை மறைப்பதற்குக் காரணம் உண்டு. தவறு மறைவில் இல்லை. மறைவிலிருந்து ஓங்கும் கையில்தான் உள்ளது.

இந்த வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டம் உணர்ந்திருந்தது என்பது வியப்புக்குரியது. மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் கரையிறங்கி உதகைக்குச் சென்று தலைமை ஆளுநர் பெண்டிங்கைச் சந்தித்தார். பின்னர் அவர் தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் 1837-இல் தண்டனைச் சட்ட வரைவை அளித்தது. 1860-இல் அது சட்டமாகி 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் 503 முதல் 508 வரையுள்ள பிரிவுகள் நமக்குரியவை.

503-ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டல் இன்னதென வரையறுக்கிறது. ஒருவரின் உடலுக்கோ புகழுக்கோ உடைமைக்கோ, அவர் அக்கறை கொண்ட வேறொருவரின் உடலுக்கோ புகழுக்கோ, தீங்கு செய்வதாகச் சொல்ல வேண்டும். அவரை அஞ்ச வைக்கும் நோக்கமோ, அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்ய வைக்கும் நோக்கமோ, செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யாமல் தடுக்கும் நோக்கமோ இருக்க வேண்டும். உரிமை வழக்கைக் கைவிடச் செய்வதற்காக வீட்டை எரிப்பேன் என்று மிரட்டுவதைச் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. 506-ஆம் பிரிவு இதற்கு இரண்டாண்டு வரை சிறை விதித்தது. மிரட்டல் கொலை, கொடுங்காயம், தீவைப்பு போன்றவை பற்றியதாயின் ஏழாண்டு வரை நீட்டியது. 507-ஆம் பிரிவே மொட்டைக் கடிதப் பிரிவு: பெயரின்றி மிரட்டினாலோ, பெயரையும் இருப்பிடத்தையும் மறைக்க முன்னேற்பாடு செய்து மிரட்டினாலோ மேலும் இரண்டாண்டு. தெய்வச் சினத்துக்கு ஆளாவாய் என்று நம்ப வைத்து ஒருவரைப் பணிய வைப்பதையும் 508-ஆம் பிரிவு குற்றமாக்கியது. தொல்காப்பியர் சொன்ன அணங்கச்சத்தைக்கூடச் சட்டம் விட்டுவைக்கவில்லை எனலாம்.

இப்பிரிவுகளில் ஒரு நுட்பம் உண்டு. பெயரை மறைப்பது தனிக் குற்றமன்று. மிரட்டல் குற்றம், மறைவு அக்குற்றத்தின் கனத்தைக் கூட்டுவது. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனதைச் சட்டம் கேள்வி கேட்பதில்லை. புனைபெயர் எழுத்தாளனின் இரண்டாம் முகம். அம்முகத்தைக் கொண்டு அவன் வாசகனுக்கு விடை சொல்கிறான். மொட்டைக் கடிதத்துக்கு முகமே இல்லை.

ஒருவன் செய்கைக்கு ஒருவனே

பொறுப்பேற்க வைத்தல் என்னும் சொல்லைக் கையாளும்போது நம் பகுதியார் மறக்கக்கூடாத வரலாறு ஒன்று உண்டு. 1871-இல் தோன்றி 1911-இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நுழைந்த குற்றப்பரம்பரைச் சட்டம், இன்ன குற்றத்தை இன்னவர் செய்தார் என்று பாராமல் பிறந்த குலத்தையே குற்றவாளியாக்கியது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவல்துறை சுட்டது; மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் மாண்டனர். உசிலம்பட்டி வட்டாரத்து அந்த நாள், கணவாய்க்கு இப்பாலுள்ள நம் பள்ளத்தாக்கிலும் இன்றளவும் பேசப்படுவது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது.

அதனை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. ஒரு மிரட்டல் வந்தவுடன் அதை அனுப்பியவரின் சாதியையும் சமயத்தையும் கட்சியையும் சேர்த்துப் பழிக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. பொறுப்பு என்பது ஆளுக்கும் செயலுக்கும் உரியது. இன்ன நாளில் இன்ன சொல்லை இன்னார் அனுப்பினார் என்று நிறுவுவதே நீதி. அவ்வளவு நுணுக்கமாகத் தேடச் சோம்பும் அரசுதான் வலையை அகல விரிக்கும். அகல விரித்த வலையில் சிக்குவோர் பெரும்பாலும் குற்றமற்றவரே.

அஞ்சலட்டையிலிருந்து கணினிக்கு

அத்தகைய அகன்ற வலை ஒன்றின் பிறப்பை அஞ்சல் சட்டங்களில் காணலாம். 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டம், உறையின் மேல் ஆபாசமான, அவதூறான, அச்சுறுத்தும், மிக இழிவான சொற்கள் எழுதிய அஞ்சல்களை அனுப்பலாகாது என்றது. பிரிட்டனில் 1935-ஆம் ஆண்டின் அஞ்சல் துறைத் திருத்தச் சட்டம் இதே போன்ற சொற்களைத் தொலைபேசிக்கும் பொருத்தியது. அச்சொற்றொடர்கள் சட்டத்திலிருந்து சட்டத்துக்குத் தாவி, 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ பிரிவாக வந்து அமர்ந்தன. 2009 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. மிக இழிவானது, அச்சுறுத்துவது, தொல்லை தருவது, இடையூறு விளைப்பது ஆகிய எல்லாம் மூன்றாண்டுச் சிறைக்குரியவை ஆயின. கொலை மிரட்டலும் எரிச்சலூட்டும் கிண்டலும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன.

அப்பிரிவு வருவதற்கு முன்னரே கணினி வழித் துன்புறுத்தலைச் சென்னை நீதிமன்றம் ஒன்று தண்டித்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2004-இல், ஒரு பெண்ணின் பெயரால் இணையக் குழுக்களில் இழிவான செய்திகளைப் பரப்பியவர் மீது புகார் எழுந்தது. கணினி மையம் நடத்தியோர் சாட்சியம் அளித்தனர். மின்னணுச் சான்றுகள் முறைப்படி அளிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாளே எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவுகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஆபாசத் தடைப் பிரிவும் அதற்குப் போதியனவாக இருந்தன. முகமில்லாதவனுக்கு முகம் தேடிக் கொடுத்தவை அகன்ற சொற்கள் அல்ல, பொறுமையான புலனாய்வே.

2012 அக்டோபர் மாதம் 66-ஏ பிரிவின் இரு முகங்களையும் ஒருங்கே காட்டியது. பாடகி சின்மயி தமக்கு வந்த இழிமொழிகளையும் துன்புறுத்தல்களையும் பற்றிச் சென்னைக் காவல்துறையில் புகார் அளிக்க, இருவர் கைதாயினர்; சாட்டப்பட்ட பிரிவுகளுள் 66-ஏ ஒன்று. அதே மாத இறுதியில் புதுச்சேரியில் ஒருவர், ஒன்றிய அமைச்சரின் மகனுடைய செல்வத்தைப் பற்றி ஒரு வரி எழுதியமைக்காக அதே பிரிவின்கீழ் கைது செய்யப்பட்டார். தனியொரு பெண் தன் மீது ஏவப்பட்ட சொற்களுக்கு நீதி கேட்டது ஒரு வழக்கு. ஆட்சியாளர் வீட்டுப் பிள்ளையைக் குடிமகன் ஒருவன் கேள்வி கேட்டது மற்றொன்று. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. மறு மாதம் மராட்டிய மாநிலத்தின் பால்கரில், தலைவர் ஒருவரின் மறைவுக்காக நகரம் அடைக்கப்பட்டதைப் பற்றி எழுதியமைக்காக இரு இளம்பெண்கள் கைதாயினர். அதன் பின்னரே வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

2015 மார்ச் 24-ஆம் நாள், ஷ்ரேயா சிங்கால் வழக்கில், நீதிபதிகள் செலமேசுவரும் நாரிமனும் 66-ஏ பிரிவை முற்றாக நீக்கினர். ஒரு கருத்தை விவாதிப்பது வேறு, வலியுறுத்துவது வேறு, தீச்செயலுக்குத் தூண்டுவது வேறு என்று அத்தீர்ப்பு பிரித்துக் காட்டியது. நீக்கப்பட்ட பின்னரும் காவல் நிலையங்கள் அப்பிரிவில் வழக்குப் பதிந்து வந்தமையால், 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. செத்த பாம்பும் சில காலம் கடிக்கும் போலும்.

மலைக்கு அப்பால்

நம் ஊரிலிருந்து உத்தமபாளையம், கம்பம், கூடலூர் கடந்து குமுளி ஏறினால் கேரளம். அங்கும் இதே ஊசல் ஆடியது. கேரளக் காவல் சட்டத்தின் 118-டி பிரிவு, 66-ஏ பிரிவுக்கு உடன்பிறப்புப் போன்றது. அதே 2015 தீர்ப்பில் அதுவும் வீழ்ந்தது. 2020 நவம்பரில், பெண்கள் மீது பெருகிய இழிமொழிகளைக் காரணங்காட்டி, அம்மாநில அரசு 118-ஏ என்னும் புதிய பிரிவை அவசரச் சட்டமாகக் கொணர்ந்தது. மிரட்டல், வசை, இழிவு, அவதூறு எல்லாவற்றையும் அது மீண்டும் ஒரே மூட்டையாகக் கட்டியது. எழுத்தாளரும் இதழாளரும் எதிர்க்க, சில நாள்களிலேயே அரசு அதனைத் திரும்பப் பெற்றது. நோக்கம் நல்லதாயினும் சொல் அகன்றால் சட்டம் கெடும் என்பதற்கு மலையின் மறுபக்கமே சான்று.

பாட்டும் கேலியும் மிரட்டலாகுமா?

கவிஞருக்கு இக்கேள்வி இன்றியமையாதது. நம் கவிதையில் வெட்டும் கொல்லும் சொற்கள் ஏராளம். எது உருவகம், எது மிரட்டல்?

பிரிட்டனில் 2010 சனவரியில், பனியால் மூடப்பட்ட விமான நிலையத்தைத் தகர்த்துவிடுவதாக ஓர் இளைஞர் வேடிக்கையாக எழுதினார். மேற்சொன்ன 1935-ஆம் ஆண்டுச் சொற்களின் வழிவந்த சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டார். 2012 சூலையில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. படித்தவர் எவரையும் அஞ்ச வைக்காத சொல் மிரட்டலாகாது என்பது அதன் சாரம். அமெரிக்காவில் ஒருவர், பிரிந்து சென்ற மனைவியைக் கொல்வது பற்றிய வரிகளை முகநூலில் பாட்டு வடிவில் எழுதிவிட்டுக் கலை என வாதிட்டார். 2015 சூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கேட்டவர் எப்படிக் கொண்டார் என்பது மட்டும் போதாது, சொன்னவர் மனநிலையும் பார்க்கப்பட வேண்டும் என்றது. ஆயினும் அடுத்த ஆண்டு கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் தண்டனையை உறுதி செய்தது. சந்தம் சேர்த்ததனால் மட்டும் மிரட்டல் கவிதையாகிவிடவில்லை. 2023-இல் மற்றொரு வழக்கில், தன் சொல் பிறரை அஞ்ச வைக்கும் என்பதை அறிந்தும் பொருட்படுத்தாமை இருந்தால் போதும் என அளவுகோல் தெளிவாக்கப்பட்டது.

நம் உச்ச நீதிமன்றமும் 2015 சனவரி 20-ஆம் நாள் இவ்வெல்லையைத் தொட்டது. பெங்களூருப் போக்குவரத்துக் காவலின் முகநூல் பக்கத்தில், தம்மிடம் கடுமையாக நடந்த அதிகாரியைக் குறை கூறி எழுதிய தம்பதியர் மீது 506-ஆம் பிரிவில் வழக்குப் பதியப்பட்டிருந்தது. அஞ்ச வைக்கும் நோக்கமின்றிக் குறையைச் சொல்வது குற்றமுறு மிரட்டல் ஆகாது எனக் கூறி நீதிமன்றம் அவ்வழக்கை நீக்கியது. மெக்காலே வரைந்த சொற்களில் 'நோக்கம்' என்னும் ஒன்றே அத்தம்பதியரைக் காத்தது. 66-ஏ பிரிவில் இல்லாமற்போனது அத்தகைய காவலே.

நாமக்கல் நாள்கள்

அதே 2015 சனவரியில்தான் தமிழிலக்கியம் தலைகுனிந்த நிகழ்ச்சியும் நடந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010-இல் வெளிவந்தது. நான்காண்டுகள் அமைதியாக விற்ற நூலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி எழுந்தது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுத்துப் பரப்பப்பட்டன, நூல் எரிக்கப்பட்டது, பெயர் சொல்லாக் குரல்கள் தொலைபேசியில் அவரை மிரட்டின. சனவரி 12-ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சில் அவர் மன்னிப்புக் கேட்டுக் கையொப்பமிட்டார். அடுத்த இரு நாள்களுக்குள், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்னும் அறிவிப்பு அவரது முகநூல் பக்கத்தில் வந்தது.

இங்கே யார் கையொப்பமிட்டார் என்பதைக் கருதிப் பாருங்கள். மிரட்டியவர் எவரும் எதிலும் கையொப்பமிடவில்லை. ஒரே ஒரு கையொப்பம் எழுத்தாளருடையது. பெயரோடு எழுதியவர் பணிய வேண்டியிருந்தது; பெயரின்றிப் பேசியவர் பணிய வைத்தார். 503-ஆம் பிரிவு சொல்லும் 'செய்ய உரிமையுள்ளதைச் செய்யாமல் தடுத்தல்' இதனினும் தெளிவாக வேறெங்கு நிகழும்?

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் உயர் நீதிமன்றம் சென்றார். 2016 சூலை 5-ஆம் நாள் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் வழங்கிய தீர்ப்பு, நாமக்கல் உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. அவர் மீண்டும் எழுத வேண்டும் என்னும் விழைவோடு முடிந்தது. அந்த மௌன காலத்தில் அவர் எழுதிய கவிதைகள் 'கோழையின் பாடல்கள்' என்னும் தொகுப்பாக அவ்வாண்டே வெளிவந்தன. அஞ்ச வைக்கப்பட்டவன் தன் அச்சத்தையே பாடுபொருளாக்கியது தமிழ்க் கவிதைக்குக் கிடைத்த பேறு. ஆயினும் அவ்வழக்கு நூலைப் பற்றியது. தொலைபேசிக் குரல்களைப் பற்றியதன்று. நூலுக்கு விடுதலை கிடைப்பதும் குரலுக்குப் பொறுப்பு வருவதும் வேறு வேறு. முன்னதை நாம் கொண்டாடினோம். பின்னதைக் கேட்க மறந்தோம்.

இன்றைய நிலை

2024 சூலை முதல் நாளிலிருந்து தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. குற்றமுறு மிரட்டல் அதன் 351-ஆம் பிரிவு. 'எவ்வழியிலேனும்' மிரட்டினால் என்று அது சேர்த்துள்ளமையால், கைப்பேசியும் கணினியும் அடங்குமா என்னும் ஐயம் எழ இடமில்லை. பெயரை மறைத்து மிரட்டுவோர்க்கு மேலும் இரண்டாண்டு என்னும் பழைய 507-ஆம் பிரிவின் கூறும் அதன் நான்காம் உட்பிரிவாக நீடிக்கிறது.

ஆகவே சட்டம் இல்லை என்று வருந்த வேண்டியதில்லை. குறை நடைமுறையில் உள்ளது. மைய நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை இக்குற்றத்தைப் பிடியாணையின்றிக் கைது செய்யவியலாக் குற்றங்களுள் வைத்தது. அவ்வகைக் குற்றங்களில் நடுவர் ஆணையின்றிக் காவலர் புலனாய்வு செய்தலும் இயலாது. சில மாநிலங்கள் மட்டும் இதனை மாற்றிக்கொண்டன. மேலும், மின்னணுப் பதிவின் படியைச் சான்றாக ஏற்க உரிய சான்றிதழ் கட்டாயம் என 2020 சூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, நீக்கப்பட்ட செய்தி தொடர்பான பதிவுகளை நிறுவனங்கள் 180 நாள்கள் காக்க வேண்டும். அதன் பின் அனுப்பியவரின் தடம் அழிந்துபோகலாம். காலம் தாழ்த்துவது மிரட்டியவருக்கே துணை செய்யும்.

நம் வட்டத்துக் கவிஞர் ஒருவருக்கு நாளை இப்படியொரு செய்தி வருமாயின் நாம் என்ன செய்வோம்? "கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானே அடங்கும்" என்பதே வழக்கமான அறிவுரை. அவ்வறிவுரை சொல்பவர் அன்று இரவு நன்றாக உறங்குவார், கேட்டவர் உறங்கமாட்டார். பெண் கவிஞராயின் மேடையேறுவதையே அவர் வீட்டார் நிறுத்திவிடவும் கூடும். அவ்வாறு ஒரு குரல் அடங்கினால் இழப்பு வட்டத்துக்கே. ஆதலின் செய்தியை அழிக்காமல் கருவியோடு காப்பது, நாளும் நேரமும் குறிப்பது, புகாரை எழுத்தில் அளித்து ஒப்புகைச் சீட்டுப் பெறுவது, அவரோடு காவல் நிலையத்துக்கு நால்வராய்ச் செல்வது ஆகிய சிறு செயல்களை வட்டம் தன் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். அதே உறுதியோடு, ஆட்சியாளரைக் கடிந்த கவிதைக்காக ஒருவர் மீது மிரட்டல் வழக்குப் பதியப்படுமாயின் அங்கும் நாம் நால்வராய்ச் செல்ல வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்வோர் சுதந்திரத்தில் பாதியையே விரும்புவோர்.

கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் உள்ளது. சித்திரை முழுநிலவன்று நம் பள்ளத்தாக்கு மக்கள் அங்கே ஏறிச் செல்கின்றனர். தமிழிலக்கியத்தில் அவள் சினத்தினும் கொடிய சினம் இல்லை. ஒரு நகரத்தையே எரித்த சினம் அது. ஆனால் பாண்டியன் அவையில் நின்றபோது அவள் முதலில் சொன்னவை தன் ஊரும், கணவன் குடியும், தன் பெயரும். அடுத்துக் கையிலிருந்த சிலம்பைச் சான்றாகக் காட்டினாள். அதன் பின்னரே வஞ்சினம் கூறினாள். அம்மலையின் அடிவாரத்தில் வாழும் நாம், சினந்து எழுதுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை; எழுதியதன் கீழே பெயரிட்டு நிற்போம். பெயரிடத் துணியாமல் அச்சுறுத்தும் கையைச் சட்டத்தின் முன் கொணரவும் தயங்க வேண்டாம்.

பத்தாண்டு கண்ட வட்டம் நூறாண்டு காண்க.